மொட்டை மாடி பசங்க – பழைய வண்ணாரப்பேட்டை

மீனா அக்கா, 8:42
காலாண்டு முடியற வரைக்கும் ஆறாங்கிளாஸுக்கு பி.டி. பீரியட் கிடையாதாம். மேத்ஸ் போர்ஷன் முடிக்கணும்னு டைரில எழுதி வுட்டுக்கிறாங்க. கேக்கலாமா, வம்பா பூடுமா?

பி.டி. மாஸ்டர், 8:47
தாராளமா கேளுங்க. பி.டி. பீரியட கடன் வாங்காதீங்கன்னு 2022 டிசம்பர்ல அமைச்சர் உதயநிதியே மேடையில சொன்னாரு. ஆனா பீரியட் திரும்பி வந்தா மட்டும் பத்தாது, அதுல என்ன நடக்குதுன்னும் கேளுங்க.

பி.டி. மாஸ்டர், 8:51
40 நிமிஷ பீரியட். கீழ இறக்கி அட்டெண்டன்ஸ் எடுக்கவே 10 போச்சு. 30 பசங்க, ஒரே பந்து, ஒரே லைன், ஆளுக்கு 15 செகண்ட்னா ஒரு ரவுண்டு ஏழரை நிமிஷம். மிச்ச 30 நிமிஷத்துல ஒரு பையனுக்கு 4 தடவ தான் வரும். அவன் ஆடுனது ஒரே நிமிஷம், 29 நிமிஷம் வெயில்ல நின்னான். அஞ்சஞ்சு பேரா 6 லைன் போட்டா 24 தடவ, 6 நிமிஷம். அதுக்கு 6 டென்னிஸ் பந்து போதும். அவுட்டானவன ஒக்கார வெக்கிற ஆட்டமும் இப்டிதான். ஓட முடியாதவன் மொதல்ல அவுட்டாவான், ஓட்டம் வேண்டியதே அவனுக்குத்தான்.

குமார் அண்ணன், 8:53
கரெக்ட்டு. ஆடுனா படிப்புல கவனம் கூடும்னு சொல்றாங்க. ஆனா ஆடிட்டு வந்து இன்னும் கொட்டம் அடிக்குதுங்களே மாஸ்டர், கவனம் எங்க வரும்?

ஃபாத்திமா டீச்சர், 8:58
வந்த கையோட புக்க நீட்டுனா அப்டிதான் அண்ணா. அமெரிக்காவுல இல்லினாய் யுனிவர்சிட்டி ஹில்மேன் குழு 2009ல வெளியிட்ட ஆய்வுல, 9, 10 வயசு பசங்க 20 பேர் ட்ரெட்மில்ல 20 நிமிஷம் நடந்தாங்க. ஓட்டம் இல்ல, நடை. நாடி அடங்குனப்புறம் தான் டெஸ்ட். சும்மா ஒக்காந்திருந்த நாள விட கவனச் சோதனைல சரியான பதில் கூடுச்சு, படிச்சுப் புரிஞ்சிக்கறதும் கூடுச்சு. ஸ்பெல்லிங், கணக்குல சொல்லிக்கற மாதிரி மாத்தம் இல்ல. சின்ன ஆய்வு வேற. அதனால நடந்தா மேத்ஸ்ல சென்டம்னு ஸ்கூல்ல போய் வாதாடிடாதீங்க 😄

மீனா அக்கா, 9:00
நம்ம பசங்கள நடக்க வெச்சா, வேகம் பத்துதான்னு எப்டி பாக்கறது டீச்சர்?

ஃபாத்திமா டீச்சர், 9:04
மணிக்கட்டுல ரெண்டு விரல் வெச்சு 10 செகண்ட் எண்ணுங்க, 20, 21 வரணும். கட்டைவிரல் வேணாம், அதுக்கே துடிப்பு உண்டு, கணக்கு தப்பும். எண்ண வரலன்னா, பையனுக்குப் பேச வரணும், பாட வரக்கூடாது. டிபன் சாப்ட்டு ஒரு மணி நேரம் கழிச்சு 20 நிமிஷம். அப்பால தண்ணி குடிச்சு ஒரு கால் மணி ஆறட்டும், மொதல்ல வாசிக்கற பாடத்த எடுங்க. இதுக்காக விடிகாலைல எழுப்பாதீங்க, தூக்கம் கொறஞ்சா இருக்கற கவனமும் பூடும்.

பி.டி. மாஸ்டர், 9:07
நடை போரடிச்சா பாண்டி. நொண்டி அடிக்கணும், கோட்ட மிதிக்கக் கூடாது, குனிஞ்சு சில்லு எடுக்கணும். பந்த ரெண்டு கையாலயும் மாத்தி மாத்தித் தட்டறதும் நல்லது. ஜெர்மனில 2008ல வந்த ஆய்வுல இந்த மாதிரி உடம்பும் மூளையும் சேந்து வேலை செய்யற பயிற்சி 10 நிமிஷம் குடுத்தாங்க. சாதாரண பி.டி. ஆடுனவங்கள விட இவங்க டி-2 டெஸ்ட்ல நல்லா பண்ணாங்க.

குமார் அண்ணன், 9:08
டி-2ன்னா இன்னா மாஸ்டர்?

ஃபாத்திமா டீச்சர், 9:12
கவனத்த அளக்கற டெஸ்ட் அண்ணா. இங்கிலீஷ் டி (d), பி (p) எழுத்தா வரிசை வரிசையா இருக்கும், மேலயும் கீழயும் சின்னக் கோடு. ரெண்டு கோடு இருக்கற டி-ய மட்டும் அடிக்கணும். வரிக்கு 20 செகண்ட், 14 வரி. வீட்டுக்கு தந்தி பேப்பர் போதும். ஒரு பத்தில வெறும் 'க'வ மட்டும் வட்டம் போடச் சொல்லுங்க, ஒரு நிமிஷம். 'கா', 'கி', புள்ளி வெச்ச 'க்' எதுவும் கூடாது. அவசரக்காரப் பையன் 'க்'ல மாட்டுவான். எத்தினி போட்டான், எத்தினி தப்பு, ரெண்டையும் எழுதி வெயுங்க.

குமார் அண்ணன், 9:13
சூப்பர். ஆட்டத்துக்கு முன்ன ஒண்ணு, பின்ன ஒண்ணு வெச்சா தெரிஞ்சிடும்.

ஃபாத்திமா டீச்சர், 9:15
தெரியாது அண்ணா 🙂 ரெண்டாவது தடவ கை பழகிடும், ஆடலன்னாலும் எண்ணிக்கை ஏறும். ஒரு நாள் ஆடிட்டு, மறுநாள் கதை கேட்டு ஒக்காந்துட்டு, அதே நேரத்துக்கு வேற பத்தி குடுங்க. ரெண்டு வாரம் மாத்தி மாத்திப் பாருங்க.

மீனா அக்கா, 9:16
👍 நாளைக்கு சாயங்காலம் அஞ்சு மணிக்கு மாடி. சாக்பீஸ் நான் எடுத்தாரேன்.

பி.டி. மாஸ்டர், 9:18
தண்ணி டேங்க் பக்கம் பாசி இருக்கு, அங்க கட்டம் போடாதீங்க. செருப்பு வேணாம், கேன்வாஸ் ஷூ.