வெப்ப அயற்சிக்கு வைட்டமின் சி கொடுத்தும் பலன் தெரியவில்லை

கேள்வி (பண்ணையாளர், நாமக்கல்)

ஆஸ்பெஸ்டாஸ் கூரை வேய்ந்த கொட்டகையில் 3,000 முட்டைக்கோழிகளைக் கூண்டு முறையில் வளர்த்து வருகிறேன். சித்திரை பிறந்ததிலிருந்து நண்பகலுக்குப் பிறகு கோழிகள் இறக்கையை விரித்து, அலகைத் திறந்தபடி மூச்சிரைக்கின்றன. தீவனம் எடுப்பது குறைந்து, ஓடு மெலிந்த முட்டைகளும் கீறல் முட்டைகளும் கூடிவிட்டன. வைட்டமின் சி தூளைப் பகல் 12 மணிக்கு மேல்நிலைத் தொட்டியில் கலந்துவிடுகிறேன். வழக்கமான பிளீச்சிங் பவுடரும், பக்கத்துப் பண்ணைக்காரர் சொன்னபடி சமையல் சோடாவும் அதே தொட்டியில்தான் சேர்கின்றன. பத்து நாள்களாகியும் மாற்றம் இல்லை. கோழி தனக்கு வேண்டிய வைட்டமின் சியைத் தானே உண்டாக்கிக்கொள்ளும் என்றும் படித்தேன். அப்படியானால் இந்தச் செலவு வீண்தானா?

மறுமொழி 1 (கால்நடை மருத்துவர்)

நீங்கள் படித்தது சரியே. நம்மைப் போலன்றி, கோழி தன் சிறுநீரகத்தில் வைட்டமின் சியைத் தயாரித்துக்கொள்கிறது. ஆகவே மிதமான வெப்பத்தில் அதற்கு வெளியிலிருந்து கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் கடும் வெக்கையில் தேவை கூடும்போது அந்தச் சுரப்பு ஈடுகொடுப்பதில்லை என்பதால்தான் கோடையில் கொடுக்கச் சொல்கிறோம். அயற்சியின்போது மிகையாகச் சுரக்கும் கார்டிகோஸ்டிரோன் என்னும் இயக்குநீரைக் கட்டுக்குள் வைக்க அது உதவுகிறது.

ஓடு மெலிவதற்கு உடனடிக் காரணம் வேறு. கோழிக்கு வியர்வைச் சுரப்பிகள் இல்லாததால் மூச்சிரைத்துத்தான் உடல் வெப்பத்தை வெளியேற்ற வேண்டும். அப்படி இரைக்கும்போது கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியேறி, இரத்தத்தின் காரத்தன்மை உயர்கிறது, ஓட்டுக்குத் தேவையான பைகார்பனேட்டும் பயன்படும் நிலையிலுள்ள கால்சியமும் குறைகின்றன. சமையல் சோடாவில் பைகார்பனேட் இருப்பதால், அதைக் கொடுக்கச் சொல்வது இதற்காகத்தான். அந்த யோசனையில் தவறில்லை, மூன்றையும் ஒரே தொட்டியில் போட்டதுதான் தவறு. பிளீச்சிங் பவுடரிலுள்ள குளோரினை வைட்டமின் சி செயலிழக்கச் செய்துவிடும். அதனால் கிருமிநீக்கமும் நடக்காது, வைட்டமினிலும் ஒரு பங்கு போய்விடும். சோடாவால் நீர் காரமானால் எஞ்சியதும் விரைவில் சிதையும். ஆழ்குழாய்க் கிணற்று நீரில் இரும்பு இருந்தால் அதுவும் சிதைவை விரைவுபடுத்தும்.

வைட்டமின் சியைத் தீவனக் கணக்கில் கிலோவுக்கு 250 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கோழிகள் நாளொன்றுக்கு ஏறத்தாழ 330 கிலோ உண்ணும் என்றால், தேவை 80 கிராம் அளவுதான். வாங்கிய தூளின் உறையில் வைட்டமின் சி எத்தனை விழுக்காடு என்று பாருங்கள். குளுக்கோசே பெரும்பங்காக இருக்கும் கலவைகளும் சந்தையில் உண்டு.

மறுமொழி 2 (முட்டைக்கோழிப் பண்ணையாளர்)

மருத்துவர் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் வெயிலில் நிற்கும் தொட்டியைத் தொட்டுப் பார்த்தீர்களா என்று கேட்கத் தோன்றுகிறது. பகல் 2 மணிக்கு என் பண்ணைக் குழாயில் கை வைக்க முடியாத சூட்டில் நீர் வந்த காலம் ஒன்று இருந்தது. அந்த நீரைக் கோழி குடிக்கவே குடிக்காது, குடிக்காத நீரில் எந்த மருந்தைக் கலந்து என்ன? தொட்டிக்கு ஓலைப் பந்தல் போட்டு, குழாய்களுக்கு ஈரச் சாக்கு சுற்றி, பிற்பகலில் குழாயில் தேங்கிய சுடுநீரைத் திறந்துவிட்ட பிறகுதான் கோழிகள் தெளிந்தன.

தீவன நேரத்தையும் மாற்றுங்கள். செரிமானமே உடலுக்குள் சூட்டைக் கூட்டும் என்பதால் விடியுமுன் விளக்குப் போட்டுத் தீவனம் வைத்து, முற்பகல் 11 மணி முதல் மாலை 4 மணி வரை நிறுத்திவிடுகிறேன். ஓடு பெரும்பாலும் இரவில்தான் உருவாகிறது என்பதால் கால்சியத்துக்காகக் கிளிஞ்சலை மாலைத் தீவனத்தில் சேர்க்கிறேன். கூரைக்குச் சுண்ணாம்பு அடித்து, நீர் தெளிப்பானும் வைத்திருக்கிறேன். நம் பக்கத்து வறண்ட வெயிலில் அது பலன் தருகிறது, காற்றில் ஈரம் மிகுந்த நாள்களில் அவ்வளவாக இல்லை.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. தூளுக்குப் பதிலாக எலுமிச்சைச் சாறு கலக்கலாமா? சிலர் அப்படிச் செய்கிறார்கள்.

மறுமொழி 3 (கால்நடை மருத்துவர்)

நூறு மில்லி எலுமிச்சைச் சாற்றில் 30 அல்லது 40 மில்லிகிராம் அளவே வைட்டமின் சி இருக்கும். உங்களுக்குத் தேவையான 80 கிராமுக்கு நாள்தோறும் 200 லிட்டருக்குக் குறையாமல் சாறு பிழிய வேண்டியிருக்கும்! நெல்லிக்காயில் அதைவிடப் பன்மடங்கு உண்டு என்றாலும், காய்க்குக் காய் அளவு மாறுவதால் கணக்கு வைக்க இயலாது. தூளையே வைத்துக்கொள்ளுங்கள். விடியற்காலையில், குளோரின் கலவாத நீரில், சில மணி நேரத்தில் குடித்து முடிக்கும் அளவுக்கு மட்டும் கரைத்துக் கொடுங்கள். மீந்ததை மறுநாளைக்கு வைக்காதீர்கள். சோடாவைத் தீவனத்தில் சேர்க்கலாம், ஆனால் அப்போது தீவனத்திலுள்ள உப்பின் அளவைக் குறைக்க வேண்டும். அந்தக் கணக்கைத் தீவனம் அரைப்பவரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். பிளீச்சிங் பவுடரை இரவு நீருக்கு மாற்றிக்கொண்டால் போதும்.