மறுமொழி: சப்காண்ட்ரல் போன் – தமிழில் என்ன சொல்லலாம்?

அன்புள்ள ஐயா,

> ‘குருத்தெலும்பின்கீழ் எலும்பு’ என்றே வைத்துவிடலாமே. பொருள் தெளிவாகத்தானே இருக்கிறது.

பொருள் சரிதான். சப்காண்ட்ரல் போன் என்பது மூட்டில் குருத்தெலும்புக்கு (ஜவ்வுக்கு) அடியில் இருக்கும் எலும்புதான். ஆனால் மூட்டுவலிக் கையேட்டில் போட்டுப் பார்த்தபோது சிக்கல் வந்தது. “குருத்தெலும்பின்கீழ் எலும்பு தடித்தால் குருத்தெலும்பு தேயும்.” எது தடித்தது, எது தேய்ந்தது என்று இரண்டு முறை படிக்க வேண்டியிருக்கிறது. குருத்தெலும்பு என்ற பெயருக்குள்ளேயே ஓர் எலும்பு இருப்பதால் வரும் குழப்பம் இது.

இந்த இடத்தில் குழப்பமே கூடாது. மூட்டுவலி என்றாலே “ஜவ்வு தேஞ்சுபோச்சு” என்கிறோம். குருத்தெலும்பில் நரம்பும் கிடையாது, ரத்தக்குழாயும் கிடையாது. அடியில் இருக்கும் எலும்பில் இரண்டும் உண்டு. வலியில் அதற்குப் பெரிய பங்கு இருக்கிறது. அந்த எலும்பு இறுகிப்போனால் அதிர்வை வாங்கிக்கொள்ளாது, பாரம் குருத்தெலும்பின் தலையில் விழும் என்று ராடின் என்ற ஆய்வாளரின் குழுவினர் 1970களிலேயே வாதிட்டார்கள். முதலில் மாறுவது எலும்பா குருத்தெலும்பா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. ஆனால் தேய்மானம் முற்றிய மூட்டின் எக்ஸ்ரேயில் அந்த இடம் தடித்து, வெளேரென்று தெரியும். நோயாளியோ “எலும்பு தேய்ந்துவிட்டது” என்று கேட்டுக்கொண்டு வீட்டுக்குப் போகிறார்!

போன ஞாயிற்றுக்கிழமை கறிக்கடையில் ஆட்டுத் தொடையெலும்பின் முட்டியை நீளவாக்கில் வெட்டித் தரச் சொன்னேன். மேலே வழவழவென்று வெள்ளைக் குருத்தெலும்பு. அதன் அடியில் மெல்லிய, கெட்டியான தகடு. அதற்கும் கீழே சிவந்த, தேன்கூடு போன்ற எலும்பு. இந்தத் தகடும் தேன்கூடும் சேர்ந்ததற்குத்தான் நமக்குப் பெயர் வேண்டும்.

என் பரிந்துரை: குருத்தடி எலும்பு. தகட்டைக் குருத்தடித் தகடு எனலாம், எக்ஸ்ரேயில் தெரிவதைக் குருத்தடித் தடிப்பு எனலாம், உள்ளே வரும் நீர்க்கட்டிக்கும் இதே முன்னொட்டு ஒத்துவரும். வாழைக்குருத்து நினைவுக்கு வராதா என்று நேற்று இங்கே கேட்டிருந்தார்கள். மூட்டைப் பற்றிய பேச்சில் அது வராது என்றுதான் நினைக்கிறேன்.

நீங்கள் அடுத்ததாகச் சொன்ன ‘தாங்கெலும்பு’ எனக்கும் பிடித்த சொல். ஆனால் தொடையெலும்பு முழுக்கவே தாங்குகிற எலும்புதானே, ஐயா?

அப்புறம், மூட்டின் ஓரத்தில் துருத்தி வளரும் எலும்பான ஆஸ்டியோஃபைட்டுக்கு ‘எலும்பு முள்’ மக்கள் வாயில் ஏற்கெனவே இருக்கிறது, அதைத் தொட வேண்டாம்.

திருத்திய பக்கத்தை இந்த வாரம் அம்மாவிடம் படிக்கக் கொடுக்கிறேன். அவருக்கு இரண்டு முழங்காலிலும் வலி. எந்த வரியில் நிற்கிறார் என்று பார்த்து எழுதுகிறேன்.