ரைசன் 2600: ப்ராசசர் மட்டும் மாத்தலாமா, மொத்தமா தூக்கணுமா?

திருமங்கலத்தான்
வணக்கம் மக்களே. நம்ம பிசி ரைசன் 5 2600, பி450 போர்டு, 16 ஜிபி ராம் ஒரே ஸ்டிக், ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர் கிராஃபிக்ஸ் கார்டு, மானிட்டர் 1080பி 144 ஹெர்ட்ஸ். ஆடுறது வேலரன்ட்டும் சிஎஸ்2வும்தான். சும்மா ஓடிட்டு இருக்கும்போது எஃப்பிஎஸ் (செகண்டுக்கு எத்தன ஃப்ரேம்) நல்லாத்தான் இருக்கு, நாலஞ்சு பேரு ஒண்ணா வந்து சுட ஆரம்பிச்சா படக்குனு விழுந்து இழுக்குது. கடைல கேட்டா பழசாயிருச்சு தம்பி, ஏஎம்5க்கு (ஏஎம்டியோட புது சாக்கெட்) போயிருங்கன்றாரு. போர்டு, ராம் எல்லாம் சேத்து வீட்டுல கேட்டா பிசியோட என்னையும் வெளிய தள்ளிருவாங்க. என்ன பண்ணலாம்?

வைகைக்கரை
அவசரப்படாத தம்பி. ஆஃப்டர்பர்னர்னு ஒரு சாஃப்ட்வேர் இருக்கு, அத போட்டு ஆடும்போது கார்டு எவ்ளோ பர்சன்ட் ஓடுதுனு பாரு. ப்ராசசர் பர்சன்ட்ட நம்பாத, 12 த்ரெட் (ஒரே நேரத்துல வேலை பாக்குற வழி) இருக்கதுல கேம் ரெண்டு மூணத்தான் போட்டு வாட்டும், மொத்தமா பாத்தா 45னு காட்டும், நீ சும்மாதான இருக்குனு நெனச்சுக்குவ. கார்டு 97, 98ல நின்னா ப்ராசசர் மாத்தி ஒண்ணும் ஆகப்போறதில்ல. அப்பறம் 720பிக்கு எறக்கி ஆடிப் பாரு, அப்பவும் எஃப்பிஎஸ் ஏறலனா ப்ராசசர்தான் காரணம்.

திருமங்கலத்தான்
பாத்துட்டேண்ணே. சண்டை நேரத்துல கார்டு 60கிட்டதான் இருக்கு, 720பி போட்டாலும் அதே எஃப்பிஎஸ்தான். ப்ராசசர் சூடு 88 காட்டுது.

வைகைக்கரை
அப்ப கார்டு மேல தப்பில்ல, ப்ராசசர் பக்கந்தான் தெணறுது.

சிம்மக்கல் மாப்ள
88ஆ?? நம்மூரு வெக்கைக்கு கூடத்தான் செய்யும், ஆனா மொதல்ல ஃபேன்ல இருக்க தூசியத் தட்டி, கூலருக்கு அடில இருக்க தெர்மல் பேஸ்ட்ட மாத்துங்க பங்காளி. இன்னொன்னு, ஒரே ஸ்டிக்னா சிங்கிள் சேனல்தான், ராம் டேட்டா ஒரே பாதைலதான் போகும், ரைசனுக்கு அது ஆகவே ஆகாது. ராம 8+8ஆ மாத்துறீங்களோ இன்னொரு 16 போடுறீங்களோ, ரெண்டு ஸ்டிக் ஆக்கி பயாஸ்ல (போர்டோட செட்டிங்ஸ்) எக்ஸ்எம்பி (ராம அதோட முழு ஸ்பீடுல ஓட்டுற செட்டிங்) ஆன் பண்ணுங்க. ரைசன் 3000க்கு முந்துன ப்ராசசருக்கு ராம் ஸ்பீடு ரொம்ப முக்கியம்.

ஏஎம்4 அண்ணாச்சி
ராம் போட்டும் பத்தலனா அதே போர்டுல ரைசன் 5 5600 போடுங்க தம்பி, ஏஎம்5 வேணாம், அதுக்கு டிடிஆர்5 ராமே வாங்கணும். 2600ல 16 எம்பி எல்3 கேஷ் (ப்ராசசருக்குள்ளயே இருக்க வேகமான மெமரி), அதுவும் எட்டு எட்டா ரெண்டு பக்கம் பிரிஞ்சு கெடக்கும், மூணு கோர் அங்கிட்டு மூணு கோர் இங்கிட்டு. 5600ல ஆறு கோரும் சேந்து ஒரே 32 எம்பிய எடுத்துக்கும், நீங்க ஆடுற மாதிரி கேமுக்கு அதுதான் அடி. ரெண்டுமே 65 வாட்தான், எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை) மாத்த வேணாம். கடைல கொறஞ்ச வெலைக்கு 5500 இருக்கு, 5600ஜி இருக்குனு தள்ளுவாங்க, ரெண்டுலயும் 16 எம்பி கேஷ்தான், ஏமாந்துறாதீங்க.

பழைய ப்ராசசர் மாட்டியிருக்கும்போதே பயாஸ் அப்டேட் பண்ணிருங்க, எந்த வெர்ஷன்லருந்து 5600 எடுக்கும்னு போர்டு கம்பெனி சைட்டுல சப்போர்ட் லிஸ்ட் இருக்கும். யூபிஎஸ் இல்லாம கை வைக்காதீங்க, பாதில கரண்ட் போனா போர்டு போச்சு. கூலர கழட்டுறதுக்கு முன்னாடி ஒரு கேம் ஆடி சூடாக்கிட்டு, ஆஃப் பண்ணி, லேசா திருகித் திருகி எடுங்க. வெடுக்குனு இழுத்தா பேஸ்ட்டுல ஒட்டிக்கிட்டு ப்ராசசரும் கூடவே பிச்சுக்கிட்டு வரும், பின்னு வளைஞ்சுரும். புதுச மாட்டுனதும் எஃப்டிபிஎம் (ப்ராசசருக்குள்ள இருக்க செக்யூரிட்டி வசதி) ரீசெட் பண்ணவானு ஒய், என் கேக்கும், பிட்லாக்கர் (விண்டோஸோட டிஸ்க் லாக்) ஆன்ல இருந்தா ரெக்கவரி கீய எழுதி வச்சுக்கிட்டு அப்பறமா ஒய் அமுக்குங்க.

திருமங்கலத்தான்
நன்றி அண்ணாச்சி. பயாஸ் 2019லயே நிக்குது, இப்பதான் பாத்தேன். நாளைக்கு இங்க மாசாந்தர கரண்ட் கட்டு வேற. சனிக்கிழமை பிசிய தூக்கிக்கிட்டு யூபிஎஸ் இருக்க மாமா வீட்டுக்கு போறேன், அதுக்குள்ள ராம் மட்டும் மேட்சா கெடைக்குதானு பாக்குறேன்.

சிம்மக்கல் மாப்ள
மாமா வீட்டுக்கு போறப்ப மானிட்டர் கேபிள மறந்துறாதீங்க 😄