ஐந்து பேர் உள்ள வீடு, ஞாயிற்றுக்கிழமை ஏழு பேர்: எந்த ஸ்ட்ராட்டஜி போர்டு கேம் வாங்கலாம்?

நிலா_முற்றம்

வணக்கம். வீட்டில் எல்லாரும் சேர்ந்து ஆட ஒன்றோ இரண்டோ போர்டு கேம் வாங்கப் பார்க்கிறோம். ஆட்கள்: நாங்கள் இரண்டு பேர், 13 வயதுப் பெண், 9 வயதுப் பையன், என் மாமியார். அத்தைக்கு ஆங்கிலம் வாசிக்க வராது. ஆனால் தாயத்திலும் பல்லாங்குழியிலும் வீட்டில் ஒருத்தரும் அவரிடம் நிற்க முடியாது, கணக்கு அவ்வளவு கூர்மை. ஞாயிற்றுக்கிழமை மாடி வீட்டுக்காரர்கள் வந்தால் ஏழு பேர் ஆகிவிடும்.

டைஸ் விழுந்தபடி காயை நகர்த்துவதாக இல்லாமல், யோசித்து ஆடுவதாக இருக்கணும். பிசினஸ் ஆட்டம் மாதிரி பாதியில் ஒருவர் காசு தீர்ந்து வெளியே உட்காரக் கூடாது. ஒன்றரை மணி நேரத்துக்குள் முடியணும். கேட்ட இடத்திலெல்லாம் கட்டான் வாங்கு என்கிறார்கள். அதையே வாங்கிவிடலாமா?

ஐந்தாம்கட்டை

முதலில் பெட்டியில் ஆள் கணக்கைப் பாருங்க சகோ. உங்க வீட்டில் ஐந்து பேர். பேர் வாங்கிய ஆட்டங்களில் பல, நாலு பேரோடு நின்றுவிடும். கட்டான் 3–4 பேருக்கு. அசூல், ஸ்ப்ளெண்டர், கிங்டொமினோ, பேண்டமிக் எல்லாம் 2–4. அத்தையையோ பையனையோ ஓரமாக உட்காரச் சொல்லிவிட்டு ஆடுவதற்கா வாங்குகிறீர்கள்?

ஐந்து பேருக்கு என் முதல் தேர்வு டிக்கெட் டு ரைடு. ஆலன் ஆர். மூன் வடிவமைத்தது, 2004-இல் ஜெர்மனியின் 'ஸ்பீல் டெஸ் யாரெஸ்' விருது வாங்கியது. 2–5 பேர் ஆடலாம். டைஸ் கிடையாது. ஒரு முறைக்கு மூன்று வேலைகளில் ஒன்றைத்தான் செய்யலாம்: சீட்டு எடுப்பது, கையிலுள்ள ஒரே நிறச் சீட்டுகளைக் கொடுத்து ஒரு பாதையில் ரயில் பெட்டிகளை வைப்பது, அல்லது புது டிக்கெட் (எந்த இரண்டு ஊர்களை இணைக்கணும் என்று சொல்லும் சீட்டு) எடுப்பது. பத்து நிமிடத்தில் சொல்லிக் கொடுத்துவிடலாம்.

அத்தைக்கு இது ஏன் ஒத்துவரும் என்றால், ரயில் சீட்டுகளில் நிறம்தான் முக்கியம், வாசிக்க எதுவும் இல்லை. டிக்கெட்டில் ஊர்ப் பெயர் ஆங்கிலத்தில் இருந்தாலும் கூடவே சின்ன வரைபடம் அச்சாகியிருக்கும், இணைக்க வேண்டிய இரண்டு ஊர்களும் அதில் குறிக்கப்பட்டிருக்கும். முதல் ஆட்டத்தில் மட்டும் அந்த ஊர்கள் பலகையில் எங்கே என்று ஒருமுறை ரகசியமாகக் காட்டிவிடுங்கள்.

யோசனை எங்கே வருகிறது என்றால் மதிப்பெண்ணில். பாதையின் நீளம் 1, 2, 3, 4, 5, 6 என்றால் புள்ளிகள் 1, 2, 4, 7, 10, 15. ஆறு ஒற்றைப் பாதை போட்டால் 6 புள்ளி, ஒரே ஆறு நீளப் பாதைக்கு 15. நீளமானதற்குச் சீட்டு சேர்த்துக்கொண்டே இருந்தால், இடையில் இருக்கும் குட்டிப் பாதையை வேறு யாராவது அடைத்துவிடுவார்கள். முடிக்காத டிக்கெட்டின் மதிப்பு அப்படியே கழியும். சீட்டு சேர்ப்பதா, இடம் பிடிப்பதா என்ற இழுபறிதான் ஆட்டம் முழுக்க.

புதிதாக ஆடுகிறவர்கள் வழக்கமாகத் தவறவிடுவது இவை:

மேலே விரித்திருக்கும் ஐந்து சீட்டில் இன்ஜினை (எந்த நிறத்துக்கும் பதிலாகக் கொடுக்கக்கூடிய சீட்டு) எடுத்தால் அந்த முறைக்கு அது ஒன்றுதான். சீட்டுக்கட்டிலிருந்து பார்க்காமல் எடுத்தது இன்ஜினாக இருந்தால் இரண்டாவது சீட்டும் எடுக்கலாம். விரித்த ஐந்தில் மூன்று இன்ஜின் வந்துவிட்டால் ஐந்தையும் கழித்துவிட்டுப் புதிதாக விரிக்கணும்.

சாம்பல் நிறப் பாதைக்கு எந்த நிறமும் கொடுக்கலாம், ஆனால் கொடுப்பது எல்லாம் ஒரே நிறமாக இருக்கணும்.

இரட்டைப் பாதை (இரண்டு ஊர்களுக்கு நடுவே பக்கம் பக்கமாக இருக்கும் இரண்டு பாதைகள்) 4–5 பேர் ஆடும்போது இரண்டும் திறந்திருக்கும் (ஒரே ஆள் இரண்டையும் எடுக்க முடியாது). 2–3 பேர் என்றால் ஒன்று போனதும் மற்றதும் மூடிவிடும். இதை மறந்து மூன்று பேர் ஆடினால் பலகை காலியாகக் கிடக்கும், 'சப்பென்று இருக்கிறதே' என்பார்கள்.

ஒருவரிடம் ரயில் பெட்டி இரண்டோ அதற்குக் குறைவாகவோ ஆனதும், அவரையும் சேர்த்து எல்லாருக்கும் கடைசியாக ஒரு முறை. பலர் உடனே நிறுத்திவிடுகிறார்கள்.

மேட்டுத்தெரு

கட்டானை இப்படித் தள்ளிவிட வேண்டாம். பேரம் பேசுகிற சுகம் வேறு பெட்டியில் கிடைக்காது. க்ளாஸ் டாய்பர் 1995-இல் கொண்டுவந்தது, இன்றைக்கும் ஓடுகிறதென்றால் காரணம் இருக்கிறது. 13 வயதுப் பெண்ணுக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனால் ஐந்து பேருக்கு 5–6 பேர் எக்ஸ்டென்ஷன் பெட்டி தனியாக வாங்கணும், அடிப்படைப் பெட்டியும் கூடவே இருந்தாக வேண்டும். புதியவர்கள் ஆறு பேர் உட்கார்ந்தால் இரண்டு மணி நேரத்தைத் தாண்டும். உங்கள் ஒன்றரை மணிக் கணக்கில் அடங்காது. நாலு பேர் மட்டும் ஆடும் நாளுக்கு இரண்டாவது பெட்டியாக வாங்குங்கள்.

வாங்கினால் ஒரு விஷயம். கட்டானில் 'டைஸ் எனக்கு விழவே இல்லை' என்று சொல்கிறவர்களில் பாதிப் பேர் ஆரம்ப வீடுகளைத் தப்பான இடத்தில் வைத்தவர்கள். நிலங்களின் மேல் எண் வில்லை இருக்கும், டைஸில் அந்த எண் விழுந்தால் அந்த நிலத்தைத் தொடும் வீட்டுக்காரருக்குப் பொருள் சீட்டு. வில்லையில் எண்ணுக்குக் கீழே சிறு புள்ளிகள் இருக்கும். இரண்டு டைஸில் 36 விதமாக விழலாம். அதில் அந்த எண் எத்தனை விதம் என்பதுதான் அந்தப் புள்ளி. 6-க்கும் 8-க்கும் ஐந்து, 2-க்கும் 12-க்கும் ஒன்று. வீடு வைக்கும் முனையைத் தொடும் மூன்று நிலத்தின் புள்ளிகளைக் கூட்டுங்கள், 10-க்குக் குறையாமல் பாருங்கள். செங்கல், தாது நிலங்கள் மூன்று மூன்றுதான் (மற்றவை நாலு நாலு), அதனால் அவை சீக்கிரம் தட்டுப்படும். முதல் ஆட்டத்துக்கு விதிப் புத்தகத்தில் இருக்கும் ஆரம்ப அமைப்பையே அப்படியே வைத்து ஆடுங்கள்.

7 விழுந்தால் டைஸ் போட்டவர் மட்டுமல்ல, கையில் 8 சீட்டோ அதற்கு மேலோ வைத்திருக்கும் எல்லாரும் பாதியைக் கழிக்கணும். 9 இருந்தால் 4. ஒன்பது வயதுப் பையனுக்கு இதை ஆரம்பத்திலேயே இரண்டு தடவை சொல்லிவிடுங்கள். சேர்த்து வைத்த சீட்டு திடீரென்று போனால் அழுகை வரும்.

சோழிப்பை

அத்தைக்காக ஒரு யோசனை: கார்க்கசோன். க்ளாஸ்-யூர்கன் வ்ரேட வடிவமைத்தது, 2001-இல் அதே விருது. 2–5 பேர். 72 நில வில்லைகள், ஒன்றில்கூட எழுத்து இல்லை. ஒன்றை எடுத்து, ஏற்கெனவே இருக்கும் படத்தோடு சாலைக்குச் சாலை, கோட்டைக்குக் கோட்டை பொருத்தி வைத்து, வேண்டுமானால் அதன் மேல் ஒரு ஆளை (சின்ன ஆள் பொம்மையை) நிறுத்தணும். அவ்வளவுதான்.

முதல் இரண்டு ஆட்டத்துக்கு வயலில் ஆளைப் படுக்க வைக்கும் விதியை விட்டுவிடுங்கள். கடைசியில் அந்த வயலைத் தொடும் முடிந்த கோட்டைகளை எண்ணுவதில்தான் புதியவர்கள் குழம்புவார்கள். மற்றது சுலபம்: முடிந்த சாலைக்கு வில்லைக்கு 1, முடிந்த கோட்டைக்கு வில்லைக்கு 2, மடத்தைச் சுற்றி எட்டும் நிறைந்தால் 9.

ஏற்கெனவே ஒருவர் ஆள் நிற்கும் கோட்டையில் நீங்கள் நேராக ஆள் வைக்க முடியாது. பக்கத்தில் தனியாக ஒன்று தொடங்கி, பிறகு ஒரு வில்லையால் இரண்டையும் சேர்த்துவிடலாம். ஆள் எண்ணிக்கை சமம் என்றால் இருவருக்கும் முழுப் புள்ளி. பல்லாங்குழியில் கணக்குப் பார்க்கிறவருக்கு இந்த வித்தை சட்டென்று பிடிபடும். ஆட்கள் ஏழுதான், வேலை முடிந்தால்தான் திரும்பக் கைக்கு வரும். கண்ட இடத்தில் நிறுத்தினால் நடு ஆட்டத்தில் கை வெறுமையாகிவிடும்.

ஐந்து பேர் ஆடினால் காத்திருப்பு நீளும். தன் முறை முடிந்ததும் அடுத்த வில்லையை உடனே எடுத்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். மற்றவர்கள் ஆடும்போது யோசித்துவிடலாம், கால் மணி நேரம் மிச்சம்.

பெட்டி வாங்கும் வரை அத்தையும் பேரனும் ஆடுபுலி ஆடட்டும். 23 புள்ளிக் கட்டம், 3 புலி, 15 ஆடு, தரையில் சாக்பீஸ் போதும். பதினைந்து ஆட்டையும் வைத்து முடிக்கும் வரை எந்த ஆட்டையும் நகர்த்தக் கூடாது. எத்தனை ஆடு வெட்டினால் புலிக்கு வெற்றி என்பது ஊருக்கு ஊர் மாறும், ஆரம்பிக்கும் முன் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். ஆட்டுக்காரர் கவனிக்க வேண்டியது, ஆட்டுக்குப் பின்னால் காலிப் புள்ளி விடாமல் ஓரத்திலிருந்து நிரப்பிக்கொண்டு வருவது.

நிலா_முற்றம்

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. இரண்டு சந்தேகம். பையன் தோற்றால் முகம் வாடிவிடும், எல்லாரும் ஒரே அணியாக ஆடும் ஆட்டம் சரிப்படுமா? ஏழு பேர் வரும் நாளுக்கு என்ன செய்வது?

ஐந்தாம்கட்டை

முதல் சந்தேகத்துக்கு: பேண்டமிக் இருக்கிறது. மாட் லீகாக் வடிவமைத்து 2008-இல் வந்தது. நாலு நோய்கள் உலகம் முழுக்கப் பரவும், எல்லாரும் சேர்ந்து மருந்து கண்டுபிடிக்கணும். பலகையில் 48 நகரங்கள், சென்னையும் உண்டு. நாலு பேர் வரைதான் என்பதால் அத்தையும் பையனும் ஒரு பாத்திரத்தைச் சேர்ந்து ஆடலாம். சீட்டுகளில் ஆங்கிலம் இருக்கும், பையன் வாசித்துச் சொல்வான்.

இரண்டு இடத்தில் அமைப்பு தவறினால் ஆட்டம் கெட்டுவிடும். எபிடெமிக் சீட்டுகளை (நோய் திடீரென்று பெருகுவதைக் குறிப்பவை) ஆடுகிறவர்கள் எடுக்கும் முழுச் சீட்டுக்கட்டில் போட்டுக் கலைக்கக் கூடாது. முதலில் எல்லாருக்கும் கைச்சீட்டு கொடுத்துவிட்டு, மிச்சக் கட்டை நாலு சம பங்காகப் பிரித்து (எளிய நிலைக்கு நாலு எபிடெமிக்), பங்குக்கு ஒன்று சேர்த்து, தனித்தனியாகக் கலைத்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கணும். அப்படிச் செய்யாவிட்டால் இரண்டு எபிடெமிக் அடுத்தடுத்து வந்து ஐந்து நிமிடத்தில் தோற்றுவிடலாம். இரண்டாவது, எபிடெமிக் வந்ததும் நோய்க் கட்டின் (எந்த ஊரில் நோய் பரவும் என்று காட்டும் தனிச் சீட்டுக்கட்டு) அடிச்சீட்டை எடுத்து அந்த ஊரில் மூன்று நோய்க் கனசதுரங்கள் வைத்த பிறகு, கழித்த நோய்ச் சீட்டுகளைக் கலைத்து அதே கட்டின் மேலே வைக்கணும். பட்ட ஊரே மறுபடி படும், அதுதான் இந்த ஆட்டத்தின் உயிர். அடியில் வைத்தால் அழுத்தமே இருக்காது.

இந்த வகை ஆட்டங்களில் உள்ள பெரிய ஆபத்து, நன்றாகத் தெரிந்த ஒரு பெரியவர் எல்லாருடைய முறையையும் தானே ஆடிவிடுவது. யோசனை யாரும் சொல்லலாம், கடைசி முடிவு முறைக்காரருடையது என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். ஒன்பது வயதுப் பையன் தப்பாக நகர்த்தினாலும் திருத்தாதீர்கள்.

மற்றபடி, டிக்கெட் டு ரைடில் ஐரோப்பா பெட்டியை எடுத்தால் அவனுக்கு இன்னும் நல்லது. ஆளுக்கு மூன்று ஸ்டேஷன் இருக்கும், வழி அடைபட்டால் அடுத்தவர் பாதை ஒன்றைத் தன் டிக்கெட்டுக்குக் கடன் வாங்கலாம். கடைசிவரை பயன்படுத்தாத ஸ்டேஷனுக்கு நாலு புள்ளி. சுரங்கப்பாதை விதி கொஞ்சம் கூடுதல், ஆனால் சமாளிக்கலாம். இந்தியா வரைபடம் என்று ஒன்று கண்ணில் பட்டால் அவசரப்பட்டு அதை மட்டும் வாங்கிவிடாதீர்கள். அது எக்ஸ்பான்ஷன், ரயில் பெட்டியும் ரயில் சீட்டும் உள்ளே இருக்காது, நாலு பேர் வரைதான்.

வெட்டுப்புலி

ஏழு பேருக்கு இரண்டு வழி.

ஒன்று, செவன் வொண்டர்ஸ். அந்த்வான் போசா, 2010. 3–7 பேர். எல்லாரும் ஒரே நேரத்தில் சீட்டைத் தேர்ந்து மிச்சத்தைப் பக்கத்து ஆளுக்குத் தள்ளுவதால் ஏழு பேர் ஆடினாலும் நாலு பேருக்கு ஆகும் நேரம்தான். எழுத்து குறைவு, குறியீடுகள் அதிகம். அதனால் முதல் யுகத்தை (முதல் சுற்றை) எல்லாரும் சீட்டைத் திறந்து வைத்து ஆடிப் பழகுங்கள். அமைக்கும்போது சீட்டின் கீழே இருக்கும் 3+, 4+ எண்ணைப் பார்த்து, ஆள் கணக்கைவிடப் பெரிய எண் உள்ளவற்றை எடுத்துவிடணும்.

இன்னொன்று, நான் முதலில் சொல்வது: 6 நிம்ட். வூல்ஃப்காங் க்ராமர், 1994. 'டேக் 5' என்ற பெயரிலும் விற்பார்கள். 10 பேர் வரை. 1 முதல் 104 வரை எண் சீட்டு, வேறு எதுவும் இல்லை. அத்தைக்கு நூற்றுக்கு நூறு பொருந்தும். ஆளுக்கு 10 சீட்டு, நடுவில் நாலு சீட்டு நாலு வரிசையின் தலையாக. எல்லாரும் ஒன்றைக் கவிழ்த்து வைத்து ஒன்றாகத் திறக்கணும். சின்ன எண்ணிலிருந்து வரிசைப்படி வைக்கணும்: கடைசிச் சீட்டு உங்கள் எண்ணைவிடச் சின்னதாகவும் அதற்கு மிக நெருக்கமாகவும் உள்ள வரிசையில். ஒரு வரிசையில் ஆறாவதாக வைக்க நேர்ந்தால் முன்னுள்ள ஐந்தும் உங்கள் தலையில், உங்கள் சீட்டு புது வரிசையின் தலை. நாலு வரிசையைவிடவும் சின்ன எண் என்றால் ஏதாவது ஒரு வரிசையை நீங்களே தேர்ந்து எடுத்துக்கொள்ளணும். எடுத்த சீட்டெல்லாம் அபராதம்: 55-க்கு 7, மற்ற 11-இன் மடங்குகளுக்கு 5, பத்தின் மடங்குக்கு 3, ஐந்தில் முடிவதற்கு 2, மிச்சத்துக்கு 1. ஒரு சுற்று முடிந்ததும் யாருடைய அபராதமாவது 66-ஐத் தாண்டியிருந்தால் ஆட்டம் முடிவு, குறைந்த அபராதக்காரர் வெற்றி.

அதிர்ஷ்டம் அதிகம் என்று தோன்றினால் ஆள் எண்ணிக்கையைப் பத்தால் பெருக்கி நாலு கூட்டுங்கள். ஏழு பேருக்கு 74. அதற்கு மேற்பட்ட சீட்டை ஒதுக்கிவிட்டால் எல்லாச் சீட்டும் ஆட்டத்தில் இருக்கும், எது இன்னும் வரவில்லை என்று எண்ணி ஆடலாம். அத்தை இதில் எல்லாரையும் ஓட ஓட விரட்டுவார்.

மேட்டுத்தெரு

வாங்கும்போது ஒரு எச்சரிக்கை மட்டும். பேர் வாங்கிய பெட்டிகளுக்குப் போலி நிறைய வருகிறது. விலை சந்தேகப்படும்படி குறைவாக இருந்தால் நில வில்லைகளின் விளிம்பு பிசிறடித்திருக்கிறதா, எண் வில்லையில் அச்சு நடுவில் விழுந்திருக்கிறதா, சீட்டுகளின் முதுகு எல்லாம் ஒரே நிறமா என்று பாருங்கள். முதுகு நிறம் மாறினால் எந்தச் சீட்டு என்று கண்டுபிடித்துவிடலாம், ஆட்டமே வீண்.

பழைய பெட்டி வாங்கினால் அங்கேயே எண்ணிவிடுங்கள். டிக்கெட் டு ரைடு அமெரிக்கப் பெட்டியில் நிறத்துக்கு 45 ரயில் பெட்டி, எட்டு நிறத்தில் 12 சீட்டு வீதம், இன்ஜின் 14. கட்டானில் 19 நிலம், 18 எண் வில்லை, ஐந்து பொருளுக்கும் 19 சீட்டு வீதம். ரயில் பெட்டி ஒன்றிரண்டு குறைந்தால் எல்லாரும் சமமாகக் குறைத்துக்கொண்டு ஆடலாம். சீட்டு குறைந்திருந்தால் வாங்காதீர்கள்.