அஞ்சாவது முடியுது: லீவுக்கு முன்னாடி ஸ்கூல்ல என்ன வாங்கணும்?

கொருக்குப்பேட்டை அம்மா:
பொண்ணு மாநகராட்சி தொடக்கப் பள்ளியில அஞ்சாவது. ஜூன்ல தண்டையார்பேட்டை பக்கம் ஆறாவது சேர்க்கணும். டி.சி. மட்டும் வாங்கினா போதுமா? தம்பிக்கு செப்டம்பர்லதான் அஞ்சு வயசு முடியுது. ஒண்ணாவது சேர்க்கலாமா?

வியாசர்பாடி டீச்சர்:
டி.சி. மட்டும் பத்தாதும்மா. எமிஸ்ல, அதாவது பள்ளிக் கல்வித் துறையோட ஆன்லைன் மாணவர் பதிவுல, பழைய பள்ளி பாப்பா பேரை காமன் பூலுக்கு (ஸ்கூல் மாறுற பிள்ளைங்களோட பொதுப் பட்டியல்) மாத்தணும். மாத்தலைன்னா புது ஸ்கூல்ல அவ பேரை ஏத்தவே முடியாது. ஏப்ரல்லயே ஹெச்.எம்.கிட்ட கேட்டுடுங்க, மே மாசம் போனா கேட்டுல பூட்டுதான். டி.சி.யை அங்கேயே நின்னு படிங்க: இனிஷியல், பிறந்த தேதி, எமிஸ் எண். ஆதார்லயும் டி.சி.லயும் இங்கிலீஷ் ஸ்பெல்லிங்ல ஒரு ‘ஹெச்’ கூடக்குறைய இருந்தாலும் பின்னாடி ஸ்காலர்ஷிப்புக்கு இழுத்தடிக்கும். எமிஸ்ல இருக்குற போன் நம்பர் இப்போ ஓடுதான்னும் பாருங்க.

ராயபுரம்:
தம்பிக்கு இந்த வருஷம் முடியாது. ஜூலை 31 அன்னிக்கு 5 முடிஞ்சிருக்கணும். பிறப்புச் சான்றிதழ்ல பேர் ஏறியிருக்கான்னு இப்பவே பாருங்க. நிறைய பேருக்கு ‘ஆண் குழந்தை’ன்னு மட்டும்தான் இருக்கும். அஞ்சு முடிஞ்சதும் ஆதார்ல கைரேகை, கருவிழி பதியணும். ஏழு வயசுக்குள்ள செஞ்சா காசு இல்ல.

வியாசர்பாடி டீச்சர்:
இன்னொண்ணு. பாப்பாவை ஆறாவதுலேர்ந்தே அரசுப் பள்ளியில விடுங்க. மருத்துவப் படிப்புக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டுக்கு 6லேர்ந்து 12 வரைக்கும் அரசுப் பள்ளியில படிச்சிருக்கணும். நடுவுல ஒரு வருஷம் பிரைவேட்டுக்குப் போனாலும் அது போச்சு.