முட்டுச் சிரட்டை விலகும் மகளுக்கு ஆபரேஷன்: அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

எல்லாருக்கும் வணக்கம். நாங்கள் தக்கலை பக்கம். மகளுக்கு 17 வயது, பிளஸ் டூ படிக்கிறாள், வாலிபால் ஆடுவாள். இரண்டு வருடத்தில் வலது முட்டுச் சிரட்டை (முழங்காலின் முன்பக்கம் இருக்கும் சில்லு எலும்பு) மூன்று தடவை வெளிப்பக்கமாக விலகிவிட்டது. கடைசியாக விலகியது ஆட்டத்தில்கூட இல்லை. துணி காயப்போட்டுவிட்டு மாடிப்படியில் திரும்பும்போது. சிரட்டை பக்கவாட்டில் புடைத்து நின்றதை என் கண்ணால் பார்த்தேன். காலை மெல்ல நீட்டியதும் தானாக உள்ளே போனது. இப்போது படி இறங்கும்போது கைப்பிடியை விடவே மாட்டேன் என்கிறாள்.

முதல் தடவை ஓர் ஆஸ்பத்திரியில் வெறும் சுளுக்கு என்று கட்டுப் போட்டு அனுப்பினார்கள். அந்த வருத்தம் இன்னும் உண்டு. சரி, அது போகட்டும். இப்போது எம்.ஆர்.ஐ. பார்த்த டாக்டர், சிரட்டையை உள்பக்கம் தொடை எலும்போடு பிடித்து வைக்கும் எம்.பி.எஃப்.எல். என்ற ஜவ்வு கிழிந்திருக்கிறது என்றார். தொடையின் பின்பக்கத் தசைநாரில் ஒன்றை எடுத்து அங்கே புது ஜவ்வாகப் பொருத்துவார்களாம். முட்டுக்குள்ளே இருக்கும் ஏ.சி.எல். என்ற ஜவ்வுக்கு ஆபரேஷன் செய்தவர்கள் பலர் தெரியும். இது வேறு ஜவ்வு.

ஆசாரிபள்ளம் மெடிக்கல் காலேஜில் இந்த ஆபரேஷன் செய்தவர்கள் இருக்கிறீர்களா? முதல்வர் காப்பீட்டு அட்டையில் வருமா? சிரட்டை ஓடும் எலும்புப் பள்ளம் ஆழமில்லாவிட்டால் ஜவ்வு மட்டும் போதாது என்கிறார்களே, உங்களுக்கு அதையும் பார்த்தார்களா? அப்புறம், முட்டு முழுசாக மடங்க எத்தனை நாள் ஆனது? மார்த்தாண்டம், நாகர்கோவில் பக்கம் பொறுமையாகப் பயிற்சி கொடுக்கும் பிசியோதெரபிஸ்ட் தெரிந்தால் சொல்லுங்கள். மார்ச்சில் பொதுத்தேர்வு. அதற்கு முன்பா, பின்பா என்று இந்த வாரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும்.