கலைச்சொல் வேண்டும்: பார்க்கும் திசைக்கேற்ப நிறம் மாறும் கல்

மொழிபெயர்ப்பாளர், வெள்ளவத்தை:

எல்லோருக்கும் வணக்கம். மாணிக்கக்கல் வகுப்பு ஒன்றின் தமிழ்மூல மாணவர்களுக்காக ஒரு கைநூலை மொழிபெயர்க்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குக் கொடுக்கவேண்டும். நீலக்கல் என்று நம்பி ஏமாறக்கூடிய கற்களைப் பற்றிய பகுதியில் பெனிற்றோயைற்று வருகிறது, அங்கேதான் நிற்கிறேன்.

பேரியமும் தைத்தேனியமும் சேர்ந்த மிக அரிதான சிலிக்கேற்று இது. 1907இல் கலிபோர்னியாவில், சான் பெனிற்றோ ஆறு தொடங்கும் மலைப்பக்கத்தில் கிடைத்தது. முதலில் நீலக்கல் என்றே எண்ணினார்கள். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்து லௌடர்பக் சோதித்துப் பார்த்துப் புதிய கனியம் என்று அறிவித்தார். ஜப்பானின் நிகாட்டாப் பக்கத்திலும் ஆர்கன்சோவிலும்கூட இருக்கிறது, ஆனால் நகைக்கு வெட்டும் தரத்தில் பேர் பெற்றது சான் பெனிற்றோக் கல்தான்.

இந்தக் கல்லை ஒரு திசையில் பார்த்தால் நல்ல நீலம், இன்னொரு திசையில் பார்த்தால் நிறமே இல்லை. ஆங்கிலத்தில் இதை டைக்குரோயிசம் என்கிறார்கள், இரண்டுக்கு மேற்பட்ட நிறங்களையும் சேர்த்துச் சொல்லும்போது பிளியோகுரோயிசம். நான் இப்போதைக்கு "இருநிறங்காட்டல்", "பன்னிறங்காட்டல்" என்று போட்டிருக்கிறேன், மனம் ஒப்பவில்லை. மயில்கழுத்துப் பட்டைச் சாய்த்துப் பிடித்தால் ஒரு நிறமும் நிமிர்த்தினால் இன்னொன்றும் தெரியுமே, அதைப் போல வாசித்தவுடன் பிடிபடும் சொல் ஒன்று வேண்டும்.

மென்பொருள்காரர், பம்பலப்பிட்டி:

அக்கா, "ஈர்நிறமை" எப்படி? சின்னச் சொல், தேடவும் சுலபம். அப்புறம் கல்லின் பெயரைப் பெனிட்டோயிட் என்றே எழுதுங்கள். நம் ஆட்கள் "ற்று" போட்டு எழுதினால் இந்தியத் தமிழர்களுக்கு விளங்குவதில்லை, வலையில் தேடினாலும் இரண்டும் சேராமல் போகிறது.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், கொட்டாஞ்சேனை:

தம்பி, "இரு" என்பது உயிரெழுத்துக்கு முன்னால்தான் "ஈர்" ஆகும். ஈருடல், ஈராண்டு சரி. நிறம் மெய்யில் தொடங்குவதால் இருநிறம் என்றே வரவேண்டும். மெய்க்கு முன் "ஈர்" வந்தால் பொருளே வேறாகிவிடும். "ஈர்ங்கை விதிரார்" என்ற குறளைப் பள்ளியில் படித்திருப்பீர்கள், அங்கே ஈர்ங்கை என்றால் எச்சில் ஈரம் பட்ட கை, இரண்டு கை அன்று. ஈர்நிறம் என்றால் ஈரமான நிறம் என்றோ ஈர்க்கும் நிறம் என்றோதான் தமிழ் தெரிந்தவன் படிப்பான்.

"ற்று" பற்றியும் சொல்லவேண்டும். இல்மனைற்று, கல்சைற்று, சிலிக்கேற்று என்று இந்த நாட்டுப் பிள்ளைகள் தலைமுறைகளாகப் படித்துச் சோதனை எழுதுகிறார்கள். வல்லின மெய் சொல்லின் கடைசியில் நிற்காது என்பது தமிழின் இயல்பு, அதை மதித்து ஆக்கிய வழக்கு அது. ஒரு தேடுபொறிக்காக அதை விடமுடியாது.

கல் வியாபாரி, செட்டியார் தெரு (சொந்த ஊர் பேருவளை):

இலக்கணம் எனக்குத் தெரியாது, கல்லைப் பற்றிச் சொல்கிறேன், அது உங்கள் சொல்லுக்கு உதவலாம்.

நம் நீலக்கல்லைப் பளிங்கின் நீள் அச்சு வழியாகப் பார்த்தால்தான் நல்ல நீலம் வரும். பக்கவாட்டில் பார்த்தால் கொஞ்சம் பச்சை கலந்து தெரியும். அதனால் பட்டை தீட்டும்போது மேல்முகம் அந்த அச்சுக்குக் குறுக்காக அமையும்படி வைப்போம், அச்சு நேரே நம் கண்ணைப் பார்க்கும். பெனிற்றோயைற்று இதற்கு நேர் எதிர். அச்சு வழியாகப் பார்த்தால் கண்ணாடி மாதிரி வெறுமை, பக்கவாட்டில்தான் நீலம். நீலக்கல் வெட்டிப் பழகிய கையோடு அதே கணக்கில் இதை வெட்டினால் நிறம் முழுவதும் போய்விடும், பிறகு திரும்பக் கொண்டுவர முடியாது. கல்லும் சின்னது, ஒரு கரட்டைத் தாண்டுவதே அபூர்வம். ஆகவே மாணவனுக்கு எத்தனை நிறம் என்பதைவிட எந்தப் பக்கம் என்பதுதான் முக்கியம். அந்தப் "பக்கம்" சொல்லில் இருக்கவேண்டும்.

இரசாயனவியல் ஆசிரியை, தெஹிவளை:

பேருவளை நானா சொன்னதுதான் என் கருத்தும். "இருநிறங்காட்டல்" என்றால் பிள்ளைகள் அலெக்சாந்திரைற்றோடு குழப்பிக்கொள்வார்கள். அலெக்சாந்திரைற்று பகல் வெளிச்சத்தில் பச்சை, குண்டு விளக்கில் சிவப்பு. அங்கே மாறுவது வெளிச்சம். இங்கே வெளிச்சம் அதேதான், கல்லுக்குள் ஒளி போகும் வழி மாறுகிறது. மயில்கழுத்துப் பட்டும் பொருந்தாது, அது ஊடும் பாவும் இரண்டு நிற நூலாக இருப்பதால் வருவது. பெனிற்றோயைற்றில் இரண்டு பொருள் இல்லை, ஒரே பொருள்தான் ஒளியின் அதிர்வுத் திசைக்கேற்ப வேறு வேறாக உறிஞ்சுகிறது.

அதன் கட்டமைப்பையும் ஒரு வரி சேருங்கள் அக்கா. மூன்று சிலிக்கன் அணுக்கள் ஒட்சிசன்களால் கைகோத்து ஒரு வளையமாக நிற்கின்றன, மூன்று சிலிக்கனுக்கு ஒன்பது ஒட்சிசன். அந்த வளையங்களைப் பேரியமும் தைத்தேனியமும் பிணைக்கின்றன. அதன் சமச்சீர் வகுப்பு, அதாவது பளிங்கின் முகங்கள் ஒழுங்காக அமையும் வகை, இருக்கமுடியும் என்று பளிங்கியலாளர் ஹெசல் 1830இலேயே கணக்கிட்டுக் காட்டியிருந்தார், ஆனால் அப்படி ஒரு கனியத்தை யாரும் கண்டதில்லை. 1907க்குப் பிறகு இந்த முக்கோண வடிவப் பளிங்குகள்தான் அந்த வெற்றிடத்தை நிரப்பின. காகிதத்தில் மட்டும் இருந்த ஒரு வடிவம் மண்ணிலிருந்து வெளியே வந்ததை வகுப்பில் சொல்லும் ஒவ்வொரு முறையும் எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

என் பரிந்துரை "திசைநிறம்".

தமிழாசிரியர், கொட்டாஞ்சேனை:

கருத்து நல்லது, சொல் வடமொழி. திசை வேண்டாம், "பால்" இருக்கிறதே. வடபால், தென்பால் என்கிறோம்.

நிறத்துக்கும் பழைய சொற்கள் கிடக்கின்றன. குருவும் கெழுவும் நிறத்தைக் குறிக்கும் என்று தொல்காப்பிய உரியியல் சொல்கிறது. கெழுவோடு "கேழ்" என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம், செங்கேழ் என்று கேட்டிருப்பீர்கள். ஆகவே "பாற்கேழ்", இரண்டு நிறத்துக்கு "இருகேழ்மை". இன்னொன்றும் சொல்கிறேன். டைக்குரோயிசத்துக்குள் இருக்கும் குரோமா என்ற கிரேக்கச் சொல் முதலில் உடம்பின் மேற்பரப்பையும் தோல் நிறத்தையும் குறித்தது. நம் "மேனி"யும் அப்படியே உடலும் நிறமும் ஆகும். பொன்மேனி என்றால் பொன் நிறம்தானே. "இருமேனி" என்று ஆக்கினால் மூலச்சொல்லின் உயிர் அப்படியே தமிழில் வரும்.

மென்பொருள்காரர், பம்பலப்பிட்டி:

ஐயா, "பால்" என்று தொடங்கினால் பிள்ளைகள் குடிக்கும் பாலைத்தான் நினைப்பார்கள். அதிலும் இந்தக் கல் நத்திரோலைற்று என்ற வெள்ளைக் கனியத்துக்குள் புதைந்து கிடப்பது, அந்த வெள்ளையை ஐதரோகுளோரிக் அமிலத்தில் கரைத்துத்தான் நீலப் பளிங்கை வெளியே எடுக்கிறார்கள். இந்தப் பக்கத்தில் போய்ப் "பால்நிறம்", "பாற்கேழ்" என்று எழுதினால் எந்தக் கனியத்தைச் சொல்கிறோம் என்றே தெரியாது.

யாழ்ப்பாணத்தில் பணிசெய்த மருத்துவர் கிறீன் 1875இல் இரசாயனவியலுக்குத் தமிழில் நூல் கொடுத்தபோது "கெமிஸ்தம்" என்று பெயர் வைத்தார். பிறமொழிச் சொல்லுக்குத் தமிழ் வால் ஒட்டி, அன்றைய மாணவனுக்கு விளங்கும்படி செய்தார். நாம் ஏன் "டைக்குரோயிசம்" என்றே எழுதக்கூடாது? வகுப்பில் கருவியையும் டைக்குரோஸ்கோப் என்றுதானே சொல்வார்கள்?

தமிழாசிரியர், கொட்டாஞ்சேனை:

கெமிஸ்தம் இன்று எங்கே? அந்தச் சொல் நின்றதா? இரசாயனம் நின்றது, வேதியியல் நின்றது. 1936இல் சென்னையில் கலைச்சொல்லாக்கத்துக்குக் கூடிய மாநாட்டில் தலைமை தாங்கியவர் நம் விபுலாநந்த அடிகள். கொழும்பிலும் அரசகரும மொழித் திணைக்களம் துறை துறையாகச் சொற்றொகுதி போட்டது. அந்த உழைப்பின் மேல்தான் இன்று நாம் தாய்மொழியில் விஞ்ஞானம் படிக்கிறோம். ஒலிபெயர்த்தால் போதும் என்று அவர்கள் நினைத்திருந்தால் முறிவு, தெறிப்பு, கழியூதா ஒன்றும் நமக்குக் கிடைத்திருக்காது.

கல்லின் பெயருக்கும் ஒன்று சொல்லி வைக்கிறேன். சான் பெனிற்றோ என்பது புனித பெனடிக்ற்றின் ஸ்பானியப் பெயர். 1772இல் அந்த ஆற்றுக்கு அப்படிப் பெயரிட்டவர் குவான் கிரெஸ்பி என்ற பாதிரியார். அந்தத் துறவியை நம் கத்தோலிக்கர் ஆசீர்வாதப்பர் என்பார்கள், எங்கள் கொட்டாஞ்சேனையிலேயே அவர் பெயரில் கல்லூரி இருக்கிறது. ஆகவே இது "ஆசீர்க்கல்".

இன்னும் பேரியம் இருக்கிறது. அது கனம் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. நம் "பாரம்" அதோடு ஒலியில் ஒத்துப்போகும், ஆனால் உறவு இல்லை. வடமொழியில் கனத்தைக் குறிக்கும் "குரு"தான் அதற்கு உண்மையான உடன்பிறப்பு. தொல்காப்பியத்தில் நிறமாக வரும் குரு வேறு, இது வேறு. ஒரு குரு கல்லின் நிறத்துக்கும் மற்றக் குரு அதன் பேரியத்துக்கும் வந்து நிற்பது எவ்வளவு அழகு.

ஆசிரியை, தெஹிவளை:

அழகுதான் ஐயா, ஆனால் கனத்தை இந்தக் கல்லோடு சேர்த்தால் பிழையான எண்ணம் வரும். பேரியம் இருந்தும் இதன் தன்னீர்ப்பு, அதாவது நீரோடு ஒப்பிட்ட அடர்த்தி, ஏறக்குறைய 3.65தான். நீலக்கல்லுக்கு 4. கனமான மூலகம் உள்ள கல் நீலக்கல்லைவிட இலேசானது. மாணவர் இரண்டையும் பிரித்தறியும் வழிகளில் இதுவும் ஒன்று.

வியாபாரி, செட்டியார் தெரு:

ஆசீர்க்கல் என்று பற்றுச்சீட்டில் எழுதினால் வாங்குகிறவர் என்னைச் சந்தேகப்படுவார். கல்லின் பெயரை மாற்றாதீர்கள். நம் நாட்டுக் கற்களையே பாருங்கள். 1952இல் தனிக் கனியம் என்று தெரியவந்த சிங்களைற்றை உலகம் அந்தப் பெயரிலேயே விற்கிறது. கொழும்புக்காரர் ஏகநாயக்க 1953இல் கண்டெடுத்த கல்லை ஏகனைற்று என்கிறார்கள். எந்த மொழிக்காரரும் அவற்றை மொழிபெயர்க்கவில்லை. அவர்கள் நம் பெயருக்குக் கொடுத்த மரியாதையை நாமும் அவர்கள் பெயருக்குக் கொடுக்கவேண்டும்.

சோதனைப் பகுதியில் முறிவுச் சுட்டியை, அதாவது கல்லுக்குள் ஒளி வளையும் அளவை, மட்டும் போட்டு விட்டுவிடாதீர்கள். நீலக்கல் 1.762 முதல் 1.770, இது 1.757 முதல் 1.804. கருவியில் கீழ்வரியை மட்டும் பார்த்து அவசரப்பட்டவன் நீலம் என்றே சொல்லிவிடுவான். இரண்டு வரிக்கும் உள்ள இடைவெளியைப் பார்க்கவேண்டும். லூப் என்ற கைவில்லையால் உள்ளே பார்த்தால் பின்பக்கப் பட்டைகளின் ஓரங்கள் இரட்டையாகத் தெரியும். குற்றலைக் கழியூதா விளக்கில் பிடித்தால் வெளிர்நீலமாகப் பளீரென்று எரியும், நம் நீலக்கல் பெரும்பாலும் சும்மா இருக்கும். வன்மை 6 முதல் 6.5தான், மோதிரத்தில் போட்டால் தேயும். ஆனால் வெள்ளொளியைப் பல நிறமாகப் பிரித்துக் காட்டும் நிறப்பிரிகை வைரத்துக்குக் கிட்ட வரும், அதனால்தான் இந்தக் கல்லுக்கு இவ்வளவு மதிப்பு.

மென்பொருள்காரர், பம்பலப்பிட்டி:

இடையில் ஒரு கேள்வி. அந்தக் கல் சேர்பன்ரைனைற்றுப் பாறைப் பக்கம் கிடைக்கிறது என்று வாசித்தேன். நமக்குத் தெற்குக் கரையில் உஸ்ஸன்கொடையில் அதே பாறை இருக்கிறதே, இங்கேயும் தேடலாமா?

ஆசிரியை, தெஹிவளை:

சேர்பன்ரைனைற்று மட்டும் போதாது தம்பி. சான் பெனிற்றோவில் அதற்குள் நீலநிறப் பாறைத் துண்டங்கள் அகப்பட்டுள்ளன, மிகுந்த அமுக்கமும் குறைந்த வெப்பமும் சேர்ந்து உருவானவை. அவற்றின் வெடிப்புகளில் பேரியமும் தைத்தேனியமும் ஏந்திய வெந்நீர்க் கரைசல் ஓடித்தான் பளிங்கு வளர்ந்தது. நம் மலைநாட்டுப் பாறைகள் கடும் வெப்பத்தில் வெந்தவை, அவை தரும் கற்கள் வேறு. தைத்தேனியம் புல்மோட்டை மணலில் நிறையவே இருக்கிறது, அதோடு பேரியம் சேர வாய்ப்பில்லை.

மொழிபெயர்ப்பாளர், வெள்ளவத்தை:

எல்லோருக்கும் நன்றி. நேரமாகிவிட்டது, நான் முடிவெடுக்கவேண்டும். கல் பெனிற்றோயைற்று, அடைப்புக்குறிக்குள் பெனிட்டோயிட் என்ற இந்திய வடிவம் ஒருமுறை வரும். பிளியோகுரோயிசம் "திசைநிறம்". கருவி "திசைநிறங்காட்டி". திசை வடமொழியாக இருந்தாலும் கிழக்குத் திசை, மேற்குத் திசை என்று சின்னப்பிள்ளையும் சொல்கிறது, நானா கேட்ட "பக்கம்" அதில் இருக்கிறது. ஐயாவின் கேழ் எனக்கு மிகவும் பிடித்தது, ஆனால் மாணவர் சொல்லுக்கே அகராதி தேட நேரும்.

தமிழாசிரியர், கொட்டாஞ்சேனை:

பெரும்பான்மைக்குத் தடை சொல்லவில்லை, என் மறுப்பு மட்டும் பதிவாகட்டும். கேழ் செத்த சொல் அன்று, நாம் எழுதாததால் கிடக்கும் சொல். அடிக்குறிப்பிலாவது போடுங்கள்.

மென்பொருள்காரர், பம்பலப்பிட்டி:

திசைநிறம் எனக்கும் சரி. ஆனால் அக்கா, டைக்குரோயிசத்துக்கு "இருதிசைநிறம்" என்றால் இரண்டு திசை என்றல்லவா வாசிப்பார்கள்? நாம் சொல்லவேண்டியது இரண்டு நிறம். தான்சனைற்று என்ற கல்லுக்கு மூன்று நிறம், அங்கே இன்னும் மோசமாகும்.

ஆசிரியை, தெஹிவளை:

"இருநிறத் திசைமை", "முந்நிறத் திசைமை"?

தமிழாசிரியர், கொட்டாஞ்சேனை:

"திசைமை" என்று ஒரு சொல் தமிழில் இல்லை.

மொழிபெயர்ப்பாளர், வெள்ளவத்தை:

தான்சனைற்றுப் பக்கம் நாளை காலைவரை என் கையில் இருக்கும். அதற்குள் யாராவது சொல்லுங்கள்.